பாடற்குழு மாடியும் புதிய ஷூவும்

திண்டுக்கல்,
ஜூலை முதல் ஞாயிறு.

அன்புத் தம்பி ஆண்டனிராஜுக்கு அண்ணன் பிரான்சிஸ் ஆசி கூறி எழுதுவது. மாதாவின் அருளால் இங்கே அனைவரும் நலம். இம்முறை அச்சொல்லை வழக்கத்துக்காக எழுதவில்லை.

இன்று காலைத் திருப்பலியில் நம் தங்கை பிரிஸ்கில்லா பாடற்குழு மாடிக்கு ஏறினாள்! எங்கும் நிற்கவில்லை, கைப்பிடியையும் பற்றவில்லை. நன்றிப் பாடலை முழுவதும் பாடினாள். பூசையில் திரும்பிப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டிக்கும் நானே திரும்பிப் பார்த்துவிட்டேன்!

சென்ற ஆண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தபின் அவளுக்குக் கால் வீங்கியதை நீ அறிவாய். "மாதாவுக்காக நடந்த காலுடி, வீங்காம என்ன செய்யும்?" என்று வியாகுலம்மாள் சித்தி உப்புநீர் ஒத்தடம் கொடுத்தார். நாமும் நம்பினோம். உடன் நடந்தவர்களுக்கெல்லாம் வீக்கம் வற்றியது. இவளுக்கு மட்டும் முழங்கால்வரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணைமேல் தலையணை அடுக்கினாள். பாடும்போது பாதி வரியில் நின்றாள். அதன்பிறகே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதயத் தசை பலவீனமடைந்து விரிந்திருந்தது. மருந்து நன்றாகவே பலனளித்திருக்கிறது. அண்மை எக்கோவைப் பார்த்து மருத்துவரே மகிழ்ந்தார்! ஆயினும் மருந்தை நிறுத்தலாகாது.

இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடுமாம். அப்பா கடைசி மாதங்களில் உட்கார்ந்தே உறங்கியதை நினைத்துப்பார். வயலில் பட்ட குளிர் என்றல்லவா இருந்தோம்! உடன்பிறந்தோர் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். நான் செய்துகொண்டேன், குறை இல்லை.

மீதமிருப்பவன் நீ. சென்ற வாரம் வீடியோ அழைப்பில், ஷூ இறுக்குவதால் பெரிய அளவு வாங்கியதாகக் கூறி, "இம்புட்டு வயசுக்கு மேலயும் கால் வளருதுண்ணே" என்று சிரித்தாய். பிரிஸ்கில்லா சிரிக்கவில்லை. அழைப்பு முடிந்ததும், "சின்னண்ணன் முதுகுக்கு ரெண்டு தலையணை முட்டுக்கொடுத்து உக்காந்திருந்துச்சு, பாத்தீங்களாண்ணே?" என்றாள்.

போனில் கேட்டால் பேச்சை மாற்றுவாய். ஆகவே அபுதாபி திரும்பும் உன் நண்பர் அப்துல் ஹக்கீமிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். "சட்டையப் புடிச்சாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேண்ணே" என்று வாக்களித்திருக்கிறார். நீ படித்து முடிக்கும்வரை அவர் வாசலில்தான் நிற்பார்.

ஆகஸ்டு வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் உன் பெயரையும் சேர்க்கச் சொன்னாய். எக்கோ முடிவு வரும்வரை, குழுத் தலைவன் என்ற முறையில், சேர்க்க மாட்டேன். தம்பிக்கென்று விதிவிலக்கு கிடையாது. உண்மையில், அவ்விதியை இயற்றியதே தம்பிக்காகத்தான்.

பழைய ஷூவை எறிந்துவிடாதே. அது மீண்டும் உன் காலுக்குப் பொருந்த மாதா அருள்வாராக.

உன் அண்ணன்,
பிரான்சிஸ்