கரை தெரியாத பகல்

இலுப்பைக்கடவை
16.05.2022

ஜெசிக்காவின் அப்பாவுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. ஆனாலும் நீங்கள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடத்தான் செய்கிறேன்.

நேற்றுப் பூசையில் உங்கள் மகள் முதன்முதலாக நற்கருணை எடுத்து முதல்நன்மை வாங்கினாள். வரிசையில் நடக்கும்போதும் கோயில் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அப்பா வெளியில நிக்கிறாரோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை போனில், "கட்டாயம் வாறன், பிள்ளைக்குச் சொல்லும்" என்றது நீங்கள்தானே?

போன வருசம் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் போட்டுக் கிடந்தீர்கள். அப்போது நான் அழுத அழுகை ஆண்டவருக்குத் தெரியும். பிழைத்து வீட்டுக்கு வந்தது வேறு ஆள். தொட்டதற்கெல்லாம் கோபம். சொன்னதைச் சொல்லவே இல்லை என்று சாதிப்பு. என்னைப் பொய்க்காரி ஆக்கினபடியால்தான் தை மாதம் அக்கா வீட்டுக்கு வந்தேன். பிள்ளையையும் ஏமாற்றுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இனிப் போன் எடுக்கவேண்டாம். சொல்ல ஏதும் இருந்தால் எழுதுங்கள். பிரிவதைப் பற்றிப் பங்குச் சுவாமியோடு கதைக்கப் போகிறேன்.

அன்ரோனெற்


பேசாலை
22.05.2022

அன்புள்ள அன்ரோனெற்,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோபிக்காமல் கேளும். வெள்ளிக்கிழமை நாங்கள் கதைத்ததே எனக்குத் தெரியாது.

நீர் பிழையாகச் சொல்கிறீர் என்று நினைத்து, என்னோடு படகில் வரும் றொட்னியிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "அண்ணை, அரை மணித்தியாலம் கதைச்சிருக்கிறியள்" என்றான். அரை மணித்தியாலம்! அதில் ஒரு சொல்லாவது தலைக்குள் கிடக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமே இல்லை.

பிள்ளை அழுதவளோ?

இன்னொன்றையும் மறைத்து வைத்திருந்தேன். போன கிழமை படகுக்கு மண்ணெண்ணெய் கிடைத்ததென்று கடலுக்குப் போனோம். வலையை இழுத்து முடித்துப் படகைத் திருப்பினால், கரை எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. பட்டப்பகல். எங்கள் கோயில் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அது எங்கள் ஊர் என்று மட்டும் புத்திக்குப் பிடிபடவில்லை. "எங்கயண்ணை ஓடுறியள், இராமேசுவரத்துக்கோ?" என்று றொட்னி சிரித்தான். நானும் சிரித்தேன். களைப்பென்று சொல்லிப் படகை அவனிடம் விட்டேன்.

கதைக்கத் தொடங்கினால் சொல் வராது. பழகிய ஆட்களின் பெயர்கூடத் தப்பிவிடுகிறது. அந்த ஆத்திரம்தான் உம்மேல் பாய்ந்தது. எனக்கு என்ன நடக்கிறது, அன்ரோனெற்?

சிங்கராசா


இலுப்பைக்கடவை
30.05.2022

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மற்ற நாளே முருங்கனுக்கு பஸ் ஏறி, சுவேதினி டொக்டரிடம் போய் எல்லாம் சொன்னேன்.

"கொரோனா கடுமையா வந்த சில பேருக்கு இப்பிடி வாறது. ஞாபகம், யோசனை, கவனம் எல்லாம் குழம்பும். இது குணம் இல்லை அம்மா, வருத்தம்; மூளைக்கு வந்த நோய்" என்றார்.

இத்தனை மாதமும் நான் கோபித்துக்கொண்டு இருந்தது ஒரு வருத்தக்காரரோடு.

"மாறுமோ டொக்டர்?"

"கொஞ்சம் கொஞ்சமாக் குறையலாம். எவ்வளவு குறையுமெண்டு இப்ப சொல்லேலாது. முதல்ல ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாப்பம். அதுவரைக்கும் கடலுக்கு விடாதேங்கோ."

வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப அப்பா வேணுமெண்டு வராமல் விடேல்லையோ?" என்று கேட்டாள். அதுக்குப் பிறகுதான் விக்கி விக்கி அழுதாள்.

சுவாமியோடு ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்கவும் மாட்டேன். சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். றொட்னிக்குச் சொல்லிவிட்டேன்; உங்களைப் படகில் ஏற்றமாட்டான். அவனோடு சண்டை பிடிக்கவேண்டாம். திங்கட்கிழமை டொக்டரிடம் போவோம்.

எங்களை வாசலில் கண்டதும் "ஏன் வந்தனீங்கள்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேளுங்கோ. சொல்லுவேன். அடுத்த நாளும் கேட்டால், அடுத்த நாளும் சொல்லுவேன்.

உங்கள்
அன்ரோனெற்