வீட்டார் கண்டது

என் அன்புக்குரியவருக்கு,

நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கப்பலில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடக்கும் ஆளாயிற்றே. கம்பெனி அலுவலகம் வழியாக இந்தக் கடிதம் கப்பலுக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். போனில் சொல்லியிருக்கலாம், குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வலிப்பு மாத்திரையை மாற்றுகிறோம் அல்லவா, பழையதற்கு மூத்தாள், புதியதற்கு இளையாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். மூத்தாள் ஆறு வருஷமாக வலிப்பை அண்டவிடவில்லை. ஆனால் முடி கொட்டுகிறது, உடம்பு ஊதுகிறது, ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்குகிறது. வயிற்றில் பிள்ளை தங்கினால் அதற்கு ஆகவே ஆகாது. இளையாளால் பிள்ளைக்கு அவ்வளவு பயமில்லையாம். கையும் நிதானமாக இருக்கிறது. கோபம்தான் மூக்கு நுனியில் நிற்கிறது. போன வாரம் தையல் கடையில் ஒரு காலரை மூன்றாம் தடவை பிரிக்கச் சொன்னதற்குக் கத்திவிட்டேன். என்னம்மா, இன்னைக்கு வாயிலயும் கத்திரிக்கோலா என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார்.

இனி நீங்கள் திட்ட வேண்டிய விஷயம். ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டும் மாதங்களில் வீட்டில் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். வீட்டுக்காரர் கூட இருக்காரா என்று கேட்டார். இருக்கார் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்றால் தொடங்கியிருக்கவே மாட்டார். எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது.

அவர் ஒரு நோட்டு கொடுத்தார். இடப்பக்கம் நோயாளி உணர்ந்தது, வலப்பக்கம் வீட்டார் கண்டது. வலப்பக்கத்தையும் நானே எழுதினேன், உங்களைப் போல. ‘நன்றாகத் தூங்கினாள். சமையலில் உப்பு அதிகம்.’ ‘காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். காரணம் இருந்திருக்கவும் கூடும்.’ அதை எழுதுவதற்காகவே சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். டாக்டர் படித்துச் சிரித்தார். உங்க வீட்டுக்காரர் நல்லா கவனிச்சுக்கிறாரே, அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க என்றார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பாலை அடுப்பில் வைத்தது நினைவிருக்கிறது. அப்புறம் தரைதான். நாக்கு கடிபட்டிருந்தது, புடவை நனைந்திருந்தது, பாத்திரம் கருகிப்போயிருந்தது. முக்கால் மணி நேரத்தைக் காணோம். ஒரு தடவைதான் வந்ததா, முன்பும் வந்து எனக்குத் தெரியாமல் போனதா, யாரைக் கேட்பேன்?

அன்று சாயங்காலம் வலப்பக்கத்தில் பழக்கதோஷத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘பால் கருகியது. மற்றபடி நலம்.’ எழுதிவிட்டுப் பார்த்தேன். பயந்துபோனேன். அதை நம்பி டாக்டர் மூத்தாளை அடியோடு நிறுத்தியிருப்பார்.

அந்த வரியை அடித்துவிட்டேன். நாளைக் காலையே போய், வீட்டில் யாரும் இல்லை, அவர் கப்பலில் இருக்கிறார் என்று சொல்லிவிடப் போகிறேன். கூட ஆள் இருந்தால் இளையாளின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்பார். இல்லாவிட்டால் மூத்தாளிடமே திரும்பிப் போ என்பார். அதோடு பிள்ளை ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு யாரையாவது கூப்பிடு என்பீர்கள். அம்மா போன பிறகு, இந்த நோய் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கேப்டனிடம் மூன்று மாதம் லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மனசை வருத்திக்கொள்ள வேண்டாம். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அன்று நினைவு திரும்பியபோது தொண்டை கம்மியிருந்தது. ரொம்ப நேரம் உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்