பரீட்சை முடியட்டும்

ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவைத்த டைம்டேபிள் வியாழக்கிழமை காலை தானாகக் கழன்று விழுந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டு பத்து நாளாகிறது. சுவரெல்லாம் ஓதம், தீக்குச்சி பற்ற மாட்டேன் என்கிறது, செல்லோடேப் மட்டும் எத்தனை நாள் தாங்கும்? அந்தக் காகிதம் இப்போது என் முன்னால் மேசையில் கிடக்கிறது. இங்கிலீஷ், இந்தி, பிசிக்ஸ் மூன்றுக்கும் எதிரே பச்சை மையில் நீ போட்ட டிக். கெமிஸ்ட்ரிக்கு எதிரே ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்த பரீட்சைகளுக்கும் யாரும் டிக் போடவில்லை.

கல்யாணமான இருபது வருடத்தில் நான் உனக்கு ஒரு வரி எழுதியது கிடையாது. எதுவானாலும் வீடு அதிரக் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, கத்தினாலும் உனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தோமே, ஞாபகமிருக்கிறதா? உன் கணையத்தில் கட்டி, வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, மாதக் கணக்குதான் என்று அந்த மனிதர் நிதானமாகச் சொல்லி முடித்திருந்தார். நீ அழுவாய் என்று நினைத்து உன் கையைப் பிடித்தேன். நீ என் கையை உதறிவிட்டு, "பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டுங்க. அதுவரைக்கும் அவகிட்ட நீங்க மூச்சு விடக் கூடாது" என்றாய். உனக்கு என்ன ஆகும் என்று நீ கேட்கவே இல்லை. பதினேழு வயதிலும் நமக்கு அவள் பாப்பாதான், இங்கே ஆகுர்டி ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாவது சயின்ஸ்.

நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் சாவுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உனக்கே அப்படித்தானே நடந்தது! திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ எழுதிக்கொண்டிருந்த உன்னிடம், உன் அப்பா இறந்ததைப் பரீட்சை முடியும்வரை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் யார் பேச்சு வந்தாலும் நீ அதில்தான் வந்து நிற்பாய். "பாழாப்போன எகனாமிக்ஸ் பேப்பருக்காக எங்கப்பா மொகத்தப் பாக்க விடாம பண்ணிட்டாங்க." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், "நீயே இப்படிச் சொல்லலாமா?" என்றேன். "அது வேற, இது வேற" என்றாய். என்ன வேறு என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நாம் ஆடிய கூத்து இருக்கிறதே! அவளிடம் அல்சர் என்றோம். டாக்டரின் நம்பரை என் போனில் 'கேஸ் ஏஜென்சி' என்று பதிந்துவைத்தோம். "ஏம்ப்பா, கேஸ்காரன் உங்களுக்கு இவ்ளோ போன் பண்றான்? நமக்கு மாசத்துக்கு ஒரு சிலிண்டர்தானே?" என்று அவள் கேட்டபோது, நீ கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நாம் அண்ணி முறை வைத்து வஹினி என்று கூப்பிடும் கீழ்வீட்டு மராத்திக்காரம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மாடிப்படியில் நிறுத்தி, "திலா சாங்கா, பாவோஜி" என்பார். அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று. நான் தலையை ஆட்டிவிட்டு, வேலைக்குப் போகும் டிப்போ பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன்.

ஜனவரியில் ஒருநாள் சாப்பிடும்போது அந்தச் சண்டை வந்தது. அவளுக்குக் கோயம்புத்தூரில் தாவரவியல் படிக்க வேண்டும். உனக்கு ஆகுர்டியிலேயே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். நம் வீட்டுப் பக்கம் தேஹு ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம், சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்.

"நக்கோம்மா. எனக்குக் கம்ப்யூட்டர் நக்கோ, வேணாம்."

"செடியப் படிச்சு என்னடி பண்ணப் போற? நர்சரி வெக்கப் போறியா?"

"வெச்சா என்ன? உனக்கு ஃப்ரீயா கறிவேப்பிலை தரேன்."

நீ சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை என்றே அவள் நினைத்தாள். வலி என்று எனக்குத் தெரியும். அவள் கை கழுவப் போனதும் என் பக்கம் குனிந்து, "போகட்டும் விடுங்க. அவளுக்குப் பிடிச்சதையே படிக்கட்டும். இப்பவே சொல்லாதீங்க, தலைகால் தெரியாம ஆடுவா. பரீட்சை முடியட்டும், நானே சொல்றேன்" என்றாய்.

நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்கு நான் என்ன சாக்குச் சொன்னாலும் உனக்கு உண்மை தெரிந்துவிடும், அதனால் நேராகவே சொல்கிறேன். நீயும் போய், இவளும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? அவ்வளவுதான். சுயநலம்.

கெமிஸ்ட்ரி அன்றைக்கு வருகிறேன். பிசிக்ஸுக்கு டிக் போட்ட சாயங்காலமே உன்னை அட்மிட் பண்ணிவிட்டோம். அவளிடம் ட்ரிப் ஏற்றுகிறார்கள், கெமிஸ்ட்ரி முடிந்ததும் வந்து பார் என்று சொல்லி வஹினியின் பொறுப்பில் விட்டிருந்தேன். காலை எட்டரைக்கு நீயே அவளுக்குப் போன் செய்தாய். "நல்லா எழுது கண்ணு. கேள்விய முழுசாப் படிச்சிட்டு எழுது. நேத்து ராத்திரி தூங்குனியா?" குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ! போனை என்னிடம் கொடுத்துவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏங்க, அவள வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"பாக்கணும். பரீட்சை கெடக்கட்டும்."

"என்ன பேசுற நீ? பதினோரு மணிக்குப் பேப்பர்."

"பரீட்சை அடுத்த வருஷமும் வருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமாம், கோபம்தான். மூன்று மாதமாகப் பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கே தேய்ந்துபோயிருந்தது, இப்போது கடைசி நேரத்தில் இவள் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாளே என்று. "சும்மா இரு. நீதானே சொன்ன, பரீட்சை முடியட்டும்னு? ரெண்டு மணிக்கு நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றேன். நீ, "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இன்னும் ஒரு வாரமாவது தாங்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லி என்னை நானே தேற்றிப் பார்த்தாகிவிட்டது, பிரயோஜனம் இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். வஹினி வீட்டுக்காரரை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நேராகப் பரீட்சை சென்டருக்குப் போனேன். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே போய் அவளை அழைத்து வந்திருப்பார். சொல்லவில்லை. நீ உயிரோடு இல்லை என்று தெரிந்தும், எழுதி முடிக்கட்டும் என்று கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றேன். பழக்கம் மனிதனை அந்த அளவுக்கு முட்டாளாக்கும்.

"அப்பா! மஸ்த் பேப்பர்ப்பா! நீங்க எங்க இங்க? அம்மாகிட்ட போலாமா?" என்று ஓடிவந்தாள். ஆட்டோவில் வைத்துத்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை. உன்னைப் பார்த்த பிறகுதான் கேட்டாள், "ஏம்ப்பா என்னக் கூப்பிடல?"

"அம்மாதான் வேணாம்னா. பரீட்சைய முடிச்சிட்டு வரட்டும்னு சொன்னா. கடைசியா அதான் சொன்னா."

என் வாயில் அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலாவது நாள் கணக்குப் பரீட்சைக்குப் போனாள், அப்புறம் பயாலஜிக்கும். போக வேண்டாம் என்று வஹினி தடுத்ததற்கு, "அம்மா கடைசியா சொன்னது அதுதானே ஆன்ட்டி" என்றாளாம். ரிசல்ட் வந்தபோது நல்ல மார்க். வஹினி பேடா வாங்கிவந்தார். பாப்பா அதை உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். எந்தக் காலேஜ் முதலில், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி இன்ஜினியரிங் ஃபார்ம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். முதல் வரியில் போட்டது கிடைத்துவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாது. கோயம்புத்தூரிலும் இடம் கிடைத்திருந்தது, வருகிறேன் என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அவள் லேப்டாப்பில் முதல் வரியில் ஆகுர்டி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சரியா இருக்கான்னு பாருங்கப்பா, அனுப்பிடறேன்."

"கோயம்புத்தூர்?"

"நக்கோ. அம்மா சாகறப்பகூட என்னைப் பாக்கணும்னு சொல்லல, பரீட்சையத்தான் சொன்னாங்க. அவங்களுக்கு அவ்ளோ முக்கியம். நான் எப்படிப்பா செடி கொடின்னு போறது?"

அந்த நேரத்தில்தான் இந்தக் காகிதம் விழுந்தது. குனிந்து எடுத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் நடந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொள்: பெண் வீட்டிலேயே இருப்பாள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்குவாள், நான் டீ போட்டுவைப்பேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சொல்லிவிட்டேன். நீ ஜனவரியிலேயே சம்மதித்ததைச் சொன்னேன். எட்டரை மணிப் போனுக்குப் பிறகு நீ கேட்டதைச் சொன்னேன். நான் அதட்டியதையும் சொன்னேன். அடிப்பாள், கத்துவாள், இனி அப்பா என்று கூப்பிடமாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் மெதுவாக, "அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டா."

"பரீட்சைய விட்டுட்டு வரச் சொன்னாங்களா?"

"ஆமா கண்ணு."

"நாலு மாசமாப்பா!" என்று அப்போதுதான் கத்தினாள். "நாலு மாசமா, அம்மாவுக்கு என்னப் பாக்கணும்னே தோணலன்னு நெனச்சிட்டு இருந்தேன்!"

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நீ போன அன்றுகூட அழவில்லை. நான் பக்கத்தில் போகவில்லை. போகிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்று பார்த்தேன், அவளிடமிருந்து உன்னையே எடுத்துவிட்டேன் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை, ஐயோ!

மத்தியானம் முகம் கழுவிவிட்டு வந்து கோயம்புத்தூருக்குப் பதில் அனுப்பினாள். என்னைக் கேட்கவில்லை. ஆகஸ்டில் காலேஜ் திறக்கிறது.

இன்று ஞாயிறு. மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை, தட்டை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து வாசற்படியில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா எப்படிச் சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க. நீங்களா எதையும் சேக்காதீங்க" என்றாள். சொன்னேன். போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி சொன்னேன். அதைக் கேட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். எத்தனை முறை கேட்டாலும், எந்த ஊரிலிருந்து போன் செய்து கேட்டாலும், ஒரு எழுத்து மாறாமல் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.