யானைக் காதில் உடைந்த ஊசி

காலையில் நம் பொம்மை யானையின் காது பிய்ந்துவிட்டது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம். எது கிடைத்தாலும் கடிக்கிறாள். அதிலும் நீ தைத்துக் கொடுத்த யானையின் இடது காது என்றால் விடுவதே இல்லை. ஷூவுக்குள் ஒட்டுகிற அந்தச் சாம்பல் நிற லைனிங் துணி ஈரமானால் ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் நானே ஊசியைக் கையில் எடுத்தேன்.

காது தலையோடு சேரும் இடத்தில் துணி தடிமன். அழுத்திக் குத்தினேன். முனை 'டக்'கென்று உடைந்தது. அதே நேரம் தொட்டிலில் பாப்பா வீறிட்டாள். எழுந்து ஓடிவிட்டேன்.

எழுந்துவிட்டேன்டி. எத்தனை தரம் சொல்லியிருப்பாய்!

கல்லூரி முடிந்து நீ ஆம்பூர் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்த பிறகு, சாயங்காலங்களில் உன் வீட்டு மாடியில் பொம்மை செய்வோம். கம்பெனியில் கழித்துப்போட்ட லைனிங் துணியை நீ கேட்டு வாங்கி வருவாய். வேலூர் பஜாரில் பஞ்சு வாங்குவது என் வேலை. கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாம் என்பாய். பிய்ந்து வந்து குழந்தை விழுங்கிவிட்டால் என்பேன். பூனைக்கு மீசை வைக்கலாமா என்பாய். கழுத்தில் சுற்றிக்கொண்டால் என்பேன்.

"மீசை கழுத்த சுத்துமா? உனக்கு பொம்மை சரிப்படாதுடி. தலகாணி தெச்சு வித்துக்க," என்று சிரிப்பாய். "ஆனா அதுலயும் மூஞ்சி புதைஞ்சிடும்னு பயப்படுவ."

ஊசி உடைந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். "எழுந்திருக்காத! மடிய உதறாத!" காந்தத்தை எடுத்து என் மடி, பாய், பஞ்சு எல்லாவற்றையும் தடவுவாய். துண்டுகளைச் சேர்த்து வைத்தால் முழு ஊசி ஆக வேண்டும். ஆகாவிட்டால் கையிலிருக்கும் பொம்மை குப்பைக்குத்தான். கம்பெனியில் அப்படித்தான், உடைந்த துண்டு கிடைக்காமல் அடுத்த ஊசி தரமாட்டார்கள் என்பாய்.

"நீயும் என்ன மாதிரிதான் பயப்படற," என்றேன் ஒருமுறை.

"இது பயம் இல்லடி. ரூல்."

இன்று முனையைக் காணவில்லை. யானைக்குள் இருந்தால் பாப்பாவின் வாயில் குத்தும். நான் எழுந்தபோது தரையில் தெறித்திருந்தால், தவழ்கிறவள் முட்டியில் ஏறும். பொறுக்கி விழுங்கினாலும் விழுங்குவாள். பெருக்கினேன், துடைத்தேன், உன் காந்தத்தை வைத்து யானையின் மேலும் மூலை மூலையாகவும் தேய்த்தேன். கிடைக்கவில்லை. பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கவே பயம்.

"இன்னா இது, கொழந்தய கீழயே உட மாட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். "அந்த யானைய தூக்கிப் போடு. வேற வாங்கிக்கலாம்."

உன் ரூலும் அதையேதான் சொல்லும். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ தைத்தது. பாப்பா பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். எப்படித் தூக்கிப் போடுவது? போட்டாலும் தரையைப் பற்றிய பயம் போகாதே.

பிள்ளையையும் யானையையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து உன் கம்பெனிக்கே போனேன். உன்னோடு வேலை பார்த்த மேரி அக்கா பேக்கிங் பிரிவிலிருந்து வந்தார். ஷூவுக்குள் இரும்புத் துண்டு கிடந்தால் ஊதிக் காட்டிக்கொடுக்கும் மிஷின் அவர் பொறுப்பில் இருப்பதாக நீ சொல்லியிருந்தாய். விஷயத்தைச் சொன்னேன்.

"ஷூ போற மிஷின்ல யானையா? நல்ல கூத்துமா," என்றவர், அது நீ தைத்தது என்று தெரிந்ததும் கையை நீட்டினார். "குடு. சூப்பர்வைசர் சாப்புட போயிருக்காரு."

அந்த மிஷின் முன்னால் எல்லோரும் அது ஊதக்கூடாது என்றுதான் நிற்பார்கள். நான் ஊத வேண்டும் என்று நின்றேன். ஊதினால் முனை உள்ளே இருக்கிறது, தரையைப் பற்றிப் பயமில்லை.

ஊதியது.

உன் தையலை வெட்ட எனக்குக் கை வரவில்லை. "அவளா இருந்தா யோசிக்கவே மாட்டா," என்று சொல்லி அக்காவே பிரித்தார். காதின் அடிமடிப்பில் முனை இருந்தது. மீதி ஊசியோடு சேர்த்து வைத்தோம். முழு ஊசி. மறுபடி மிஷினில் விட்டபோது சத்தமில்லை.

அப்புறம்தான் பிரித்த இடத்தின் வழியாக உள்ளே பார்த்தேன். பஞ்சு யானையின் தோலுக்குள் நேரடியாக இல்லை. உள்ளே தனியாக ஒரு பை தைத்து, அதில் அடைத்திருந்தாய். வெளித்துணி கிழிந்தாலும் பஞ்சு குழந்தையின் வாய்க்குப் போகாது. நூலால் போட்ட கண்ணுக்குப் பின்னாலும் துணி வைத்து, அதன் மேல் இன்னொரு தையல். நாம் செய்த எந்தப் பொம்மையிலும் இதெல்லாம் கிடையாது.

"இன்னாத்துக்கு இவ்ளோ தெச்சா இவ?" என்றார் மேரி அக்கா. "இப்டிலாம் ரூலே இல்லியே."

எனக்குத் தெரிந்தது. நீ பார்க்கப்போவதில்லை என்று உனக்கே தெரிந்த ஒரு குழந்தைக்காக, நான் பயப்படப்போகிற ஒவ்வொன்றுக்கும் எனக்கு முன்பே பயந்து முடித்திருக்கிறாய்.

காதை நானே தைத்தேன். தைத்து முடிக்கும்வரை எழவில்லை. பாப்பா அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். இதை எழுதுகிற கையை அடிக்கடி நிறுத்திவிட்டு அந்தத் தையலை நெருடிப் பார்க்கிறேன்.

"இன்னும் இன்னா பயம் உனக்கு? படு," என்கிறார் இவர்.

"பயம் இல்லங்க," என்றேன். "ரூல்."