அம்மாவின் பழைய குடை

என் செல்லச் சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே, அது எப்போதும் எதிர்க்கட்சி. நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இன்னும் சாப்பிடவில்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் சாப்பிட்டுவிட்டு வா, வெறும் வயிற்றில் படிக்கிற விஷயம் இல்லை இது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவதில்லை, அதற்குப் பதில் மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் தெரிகிறது என்று என் உயிரை எடுக்கிறாள். கடையில் வேலைக்குக் குறைவில்லை. பழுது என்று தூக்கிக்கொண்டு வருகிற தையல் மெஷினில் பாதி எண்ணெய் காணாத மெஷின்தான், அதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், அதனால் பெரிய வேலை பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கழற்றி மாட்டிவிட்டு எண்ணெய் விட்டுக் கொடுக்கிறேன்.

இனி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது கோர்ட்டிலும் தோற்றுவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் அந்த ஜட்ஜைத் திட்டித் தீர்த்தாள். தையல் மெஷினில் அடிநூல் தீரப்போகும்போது டிக் டிக் என்று சத்தம் போடுகிற அந்தச் சின்னத் தகட்டை நீ நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. நூல் தீர்ந்தது தெரியாமல் அம்மா ஒரு முழுத் திரைச்சீலையை வெறும் ஊசியால் குத்திக்கொண்டே போனாளே, அதைப் பார்த்துத்தான் செய்தாய். அங்கே போய் நாலு வருஷம் கழித்து அதற்குக் காப்புரிமை வாங்கினாய், அந்தப் பெரிய கம்பெனி அதையே தன் மெஷினில் வைத்து விற்றது, நீ கேஸ் போட்டாய். அவர்கள் வக்கீல் ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து வைத்து, நீ மனுப் போடுவதற்கு மூன்று வருஷம் முன்பே இது ஒரு தையல்காரம்மாவிடம் ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பெண் யாரோ பண்ணினதைத் தன்னுது என்கிறாள் என்றாராம். கோர்ட்டும் இது புதுசு இல்லை என்று காப்புரிமையை ரத்து செய்துவிட்டது. தோற்றதுகூடப் பரவாயில்லை, திருடி என்கிற மாதிரி பேசினதுதான் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் தடவை நீ போனில் பழைய மெஷின் என்று மட்டும் சொன்னபோது நானும் உன்னோடு சேர்ந்து ஜோடித்த சாட்சி என்று கத்தினேன். இந்தத் தடவை நான் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அந்த மெஷினின் போட்டோவும் அனுப்பியிருக்கிறாய். அப்பா, நான் போட்டது கடிகார ஸ்பிரிங், இவர்கள் குடைக் கம்பியை வெட்டி வளைத்து வைத்திருக்கிறார்கள், எந்த முட்டாளப்பா ஸ்பிரிங்குக்குக் குடைக் கம்பியை வெட்டுவான் என்று கேட்டிருக்கிறாய்.

அந்த முட்டாள் நான்தாம்மா. பத்து நாளாக மென்று முழுங்கினேன், இப்போது சொல்லிவிட்டேன். என் கடைக்கு வந்த மெஷின் எதுவும் அவர்கள் கேட்காத ஒரு சின்ன வேலை கூடுதலாகச் செய்யாமல் திரும்பிப் போகாது, உனக்குத் தெரியும், அப்பா மெஷினுக்குச் சீர் செய்து அனுப்புகிறார் என்று நீயே கேலி பண்ணுவாய். நீ கிளம்பிப் போன வருஷம் வீடு வெறிச்சென்று இருந்தது, உன் நினைவு வரும்போதெல்லாம் உன் தகட்டைப் பார்த்து ஒன்று செய்தேன், ஏழு மெஷினில் மாட்டினேன். கடிகார ஸ்பிரிங் கிடைக்கவில்லை, அம்மாவின் பழைய குடை கிடைத்தது. யாருக்கும் காட்டாதீர்கள் என்று நீ படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் காட்டவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் எனக்கு யாரோ எவரோ இல்லையே, அவர்களை யாருக்கும் என்பதில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தையல்காரம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவர், மகன் வீட்டுக்கு, நீ இருக்கிற அந்த ஊருக்கே போனபோது மெஷினை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்துக் கொடுத்ததே நான்தான். ஒரு பட்டன் தவறி வந்தால்கூடத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிற மனுஷி, அவரைப் பொய்க்காரி என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாய், அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். குடையைக் காணோம் என்று நான் மூன்று வாரம் தேடினபோது வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டாள், அதற்கப்புறம்தான் அழுதாள், இன்றைக்கே அவளுக்கு எழுதுங்கள் என்றாள்.

அதனால் மாதக் கடைசியில் மூன்றாவது கோர்ட்டுக்கு, இது எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடாதே. இதுவரை தெரியாமல் சொன்னாய், இனிமேல் தெரிந்து சொன்னதாகிவிடும். இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் கொடு, எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் முழங்காலையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். கேஸ் போய்விடும். போனால் போகட்டும் என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை, கெடுத்தவனே நான். ஆனால் ஒன்று கேள். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏழு பேரிடமும் இது என் பெண் பண்ணினது, என் பெண் பண்ணினது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இந்த வாரம் இங்கே இருக்கிற ஆறு பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டேன், ஒருவர் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், நீ சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்ததே என்கிறார்கள். ஏழாவது ஆள் உன் ஊரிலேயே இருக்கிறார். இது எப்போதிலிருந்து உங்களிடம் இருக்கிறது என்றுதான் அந்த வக்கீல் அவரைக் கேட்டிருப்பார், யார் பண்ணினது என்று கேட்டிருக்க மாட்டார். நீ போய் முதலில் மன்னிப்புக் கேள், அப்புறம் அதைக் கேள்.

அப்பா மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், சாப்பாட்டின் மேல் காட்டாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் வேண்டிக்கொள்கிறாள். மறந்துவிடாதே, கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் பெருமையைப் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லி உன் கேஸைத் தோற்கடித்த,
உன் அப்பா