மூக்கையா உயிரோடு இருக்கிறான்

யட்டியாந்தோட்டை
12.06.2005

அன்புள்ள மகன் ஸ்ரீதரனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் அந்தக் குளிரில் நோய் நொடியின்றி இருக்க மாரியம்மன் துணை. மழை விடவில்லை, தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவனைப் பள்ளிக்கூடத்தில் அதிபராக்கிவிட்டார்கள், அதை நான் மறக்கப்போவதில்லை, அது இருக்கட்டும்.

உன் அக்கா மகள் சுகந்தினியைக் கனடாவுக்கு எடுப்பதென்றால் பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், கல்யாணமாகியிருக்கக் கூடாது, தாய் தகப்பன் இருவரும் இறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வயது பதினாறுதான். உன் அக்கா விஜயகலா செத்துப் போய்விட்டாள். மிச்சம் அவள் புருஷன் மூக்கையா. என் தங்கை மகன், முறைமாப்பிள்ளை என்று நம்பிக் கொடுத்தேன். அவள் காரியத்துக்குக்கூட நிற்காமல் இன்னொருத்தியோடு போனான். அன்று ஊர் பார்க்க ஆற்றில் இறங்கி, செத்தவனுக்கு முழுகுவது போல அவனுக்குத் தலை முழுகினேன். நீங்கதான் தலை முழுகிட்டீங்களே அப்பா, செத்துட்டாருன்னே விண்ணப்பத்துல எழுதிட்டேன் என்று நீ டெலிபோனில் சிரித்தாய். ஆனால் அவன் தெஹியோவிட்டையில் ரப்பர் வெட்டிக்கொண்டு கல்லுப்போல இருக்கிறான், கடைக்கார அஸீஸ் நானா போன வாரம்கூடப் பார்த்தாராம். நான் கையெழுத்துப் போட்டால் மரணச் சான்றிதழ் எடுத்துத் தர உன் ஏஜென்ட் இருக்கிறானாம். மறைக்கவில்லை, பேனாவைக் கையில் எடுத்தேன். அவனைக் காகிதத்திலாவது கொன்றுவிட எனக்கு ஆசைதான்.

தேத்தண்ணி கொண்டுவந்த சுகந்தினியிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ அனுப்பிய பனிப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து தினமும் பார்ப்பவள் அவள். கோப்பையை வைத்துவிட்டு, நீங்க தலை முழுகுனீங்க தாத்தா, நான் முழுகலையே என்றாள். அடுப்படியிலிருந்து உன் அம்மா, அப்பிடிக் கேளுடி அந்த மனுசன என்றாள். இந்த வீட்டில் என் பக்கம் பேச ஆளில்லை.

ஆகவே எழுதியதைத் திருத்திவிடு. அவளை எடுக்க முடியாது, தெரியும். என்னையும் அம்மாவையும் எடுக்கச் சட்டம் இடம் கொடுத்தாலும் அவளை விட்டுவிட்டு வருவதற்கில்லை. நான் அவனை மன்னிக்கவில்லை. ஆனால் இவள் ஞாயிற்றுக்கிழமை தகப்பனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வயசுப் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியுமா? கூட்டிப் போவேன். அவள் திரும்பும்வரை ரோட்டோரக் கடையில் இருப்பேன். அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

உனக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசிகள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. திருத்தியதும் மறக்காமல் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லையா