படு என்றேன், மாடு என்று எடுத்துக்கொண்டாள்

நெளுக்குளம்
14.9.1986

அன்பு மகன் சுடலைமுத்துவுக்கு அம்மா வீரம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி மீனம்மாவும் மாரியம்மன் புண்ணியத்தில் இன்றைய தேதிக்கு உயிரோடு இருக்கிறோம், நீ அந்தச் சவூதி வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அவளைத்தான் கும்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஆமிக்காரர்கள் வந்து குந்திவிட்டார்கள், வீட்டில் வைத்தாவது தங்கச்சியைப் படிப்பியுங்கள் என்று நீ கோடு போட்டு எழுதி அனுப்பிய நேர அட்டவணை கிடைத்தது. காலையில் கணக்கு, பிறகு தமிழ், பின்னேரம் சுற்றாடல், சனிக்கிழமை பரீட்சை. கோபித்துக்கொள்ளாதே அப்பு, அதை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டு.

மாசி மாதம் றோட்டில் வெடித்த கண்ணிவெடியில் இரண்டு காதும் அடைத்துப் போன பிள்ளைக்கு, பழையபடி வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதலில் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி ரீச்சர் வேலியால் எட்டிப் பார்த்து, கத்தாதேங்கோ வீரம்மா, கத்தினா வாய் கோணிப் போகும், பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது, மெல்லமா முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ, அவள் வாயைப் பார்த்துப் பிடிச்சிடுவாள் என்று சொன்னா. அப்படியே செய்தேன். இரண்டு மாதத்தில் என் வாயைப் பார்த்தே பாதிக் கதையைப் பிடித்தாள், பெருக்கல் வாய்ப்பாடு ஏழு வரைக்கும் வந்துவிட்டாள், புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிடுவாள் என்று எனக்கும் ஆசைதான். பாவி, நானே பெருமைப்பட்டுக் கண் வைத்துவிட்டேன்.

ஆவணி தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் நானும் அவளும் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஹெலி தாழப் பறந்து வந்து சுடத் தொடங்கியது. நான் மண்ணில் விழுந்து அவளைப் பார்த்து, படு, படு என்று சொன்னேன், என் வாயை நன்றாகத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு எழும்பி வெட்டைவெளிக்கு ஓடினாள், முத்து. குளக்கட்டுப் பக்கம் கட்டியிருந்த மாட்டிடம் ஓடி, சூடு விழ விழக் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் தவழ்ந்து போகப் பார்த்தேன். ஹெலி போன பிறகு, பாவாடை எல்லாம் இரத்தம், கையில் அறுந்த கயிறு, அப்படியே என்னிடம் வந்தாள். இரத்தம் மாட்டுடையது, சினை மாடு, அங்கேயே விழுந்துவிட்டது. எனக்கு இருந்த பதற்றத்தில் பிள்ளைக்கு எங்கே பட்டிருக்கிறது என்று கூடப் பார்க்காமல் முதுகில் நாலு வைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே, ஏம்மா அடிக்கிற, நீதானே மாடு மாடுன்னு சொன்ன என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு படு என்று சொன்னேன், மாடு என்று சொன்னேன். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் ஒட்டிப் பிரிகிறது. நீயும் ஒரு கண்ணாடி எடுத்துச் சொல்லிப் பார். ஆறு மாதமாக என் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்த படிப்பு அவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தது. அன்றைக்குத்தான் உன் அட்டவணை அடுப்புக்குப் போனது.

இப்போது பாடம் வேறு. தலையில் கை வைத்தால் படுக்க வேண்டும், வயிற்றில் கை வைத்தால் பங்கர் குழிக்குள் போக வேண்டும், இதற்கெல்லாம் வாயே திறப்பதில்லை. ஆனால் கையைக் காட்ட அவள் என்னைப் பார்க்க வேண்டுமே, அதனால் எந்த வேலை செய்தாலும் பத்து எண்ணி ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார் என்று பழக்கியிருக்கிறேன். வாய்ப்பாடு கிடக்கிறது, கணக்கு இப்போது பத்து வரைக்கும்தான். நாய் வாலை மடக்கிக்கொண்டு ஓடினால், காகம் எல்லாம் ஒன்றாக எழும்பினால் மேலே பார், இதுதான் சுற்றாடல். ரீச்சர் இதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா.

ஆனால் ஒன்று மட்டும் என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் பின்னால் நின்று நில் என்று சிங்களத்தில் கத்தியும் தன் பாட்டில் நடந்திருக்கிறாள். துவக்கைத் தூக்கிவிட்டானாம். அப்பா பாய்ந்து பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தி, காது கேட்காது மஹத்தயா என்று காலில் விழுந்திருக்கிறார். அவன் அவள் பின்தலைக்குப் பக்கத்தில் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடு, மற்றவன் தட்டிப் பார்க்க மாட்டான் என்றானாம்.

எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த பழக்கத்தில் சிங்களம் பேச வரும், எழுதத் தெரியாதே. இங்கே யாரிடமாவது கேட்டால் என்ன எழுதித் தந்தான் என்று எப்படி நம்புவேன்? உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த, உன்னோடு வேலை செய்கிற சிங்களப் பிள்ளை சோமபால என்று எழுதினாயே, அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில் எழுதி வாங்கி அனுப்பு. எனக்குக் காது கேட்காது, சுட வேண்டாம் ஐயா. இது மட்டும்தான். மட்டையின் மறுபக்கத்தில் ரீச்சர் தமிழில் அச்சு மாதிரி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறா, சிங்களத்தை மட்டும் கண்டால் நம் இயக்கப் பையன்களும் சந்தேகப்படுவார்கள்.

நீ நேரத்துக்குத் தூங்கு, உயரத்தில் வேலை செய்யும்போது கவனம், சோமபாலவுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் என் ஆசீர்வாதம், உனக்கு அம்மன் என்றைக்கும் துணை நிற்பாள். மறந்துவிடாதே, எழுத்துப் பெரிதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கட்டும். மீனம்மாவைத் தினமும் கொப்பியில் அதைப் பார்த்து எழுத வைக்கப்போகிறேன். மட்டை மழையில் ஊறிப்போனால், நானும் அப்பாவும் இல்லாமல் போனால், அவளே எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீரம்மா